ஏழு மணித்துளி

எற்பாடு என்று முன்னோர் வகுத்த பொழுது அது. மேலைக் கதிர் சாய்ந்து ஆற்றின் வளைவில் பொன்னீர் பூச, ஓட்டுக் கூரைகளின் நிழல் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்து குறுந்தெருக்களை நிறைக்க, கொல்லுப் பட்டறையின் சம்மட்டி ஓசை தணிய, அடுமனையினின்று மாலை அப்பத்தின் மணம் எழ, அஞ்சல் நிலையத்தார் முத்திரைக் கட்டைகளைத் துடைத்து வைக்க, அவ்வூர் தன் நாளை மடித்து வைக்கத் தொடங்கும். அவ்வேளையில் சந்தை முற்றத்தின் நடுவே நிற்கும் மணிக்கூண்டிலிருந்து ஐந்து முறை மணி ஒலிக்கும். புதிதாய் வந்தவர் எவராயினும் தம் கையிலுள்ள மணிப்பொறியைப் பார்த்துத் திகைப்பர். ஏனெனில் ஐந்தாக இன்னும் ஏழு மணித்துளி இருக்கும். ஊரார் அவரைப் பார்த்துச் சிரிப்பர். பிறகு உட்காரவைத்துக் கதை சொல்லத் தொடங்கிவிடுவர். கேட்காமல் நழுவியவர் இதுகாறும் இலர்.

கற்றறிந்த பெருந்தகையீர், நீங்களும் அக்கதையைக் கேட்டே ஆகவேண்டும். ஐம்பது ஆண்டுகட்கு முன் அவ்வூரில் நெசவாலை ஒன்று இருந்தது. அறுபத்து மூவர் அதில் உழைத்தனர். ஆலைக் கதவு உட்புறம் பூட்டப்பட்டிருக்கும். திறவுகோல் கண்காணியின் இடுப்பில் இருக்கும். மணிக்கூண்டின் காவலர் ஒருநாள் நண்பகலில் கூண்டின் உச்சியிலிருந்து நோக்க, ஆலையின் சுவரில் பிளவு ஓடுவதைக் கண்டார். இறங்கி ஓடிக் கண்காணியிடம் உரைத்தார். அவனோ எள்ளி நகைத்து விரட்டிவிட்டான். வேறு வழி காணாத காவலர் அன்று மாலை ஐந்து மணியை ஏழு மணித்துளி முந்தி அடித்தார். ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று கண்காணி மறித்தும், உழைப்பாளர் அவனை நெட்டித் தள்ளிக் கதவை உடைத்து வெளியேறினர். கடைசி ஆள் முற்றத்தில் கால் வைத்தபின் கூரை இடிந்து விழுந்தது. ஒருவர்க்கும் கீறல் இல்லை. அன்றுமுதல் அவ்வூரில் மாலை மணி மட்டும் ஏழு மணித்துளி முந்தியே ஒலிக்கும். கண்காணிக்கோ ‘பூட்டன்’ என்னும் பெயர் நிலைத்தது. அடம்பிடிக்கும் குழந்தையை அடக்கவும் அப்பெயரையே ஊர் பயன்படுத்திக்கொண்டது.

பொறி ஐந்துக்குத் தானே அடிப்பதைத் தடுத்துவிட்டு, அந்த மாலை மணியை நாள்தோறும் கயிறு இழுத்து அடிப்பவள் அக்காவலரின் ஒரே மகள். மணிக்காரி என்பது அவளுக்கு ஊர் இட்ட பெயர். அகவை அறுபத்தொன்று. தொண்ணூற்றிரண்டு படிகளை நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவதால் முழங்கால் மட்டும் அவளினும் பத்தாண்டு மூத்தது. தந்தை மறைந்தபின் முப்பத்தாறு ஆண்டுகளாக அக்கூண்டின் பற்சக்கரங்களுக்கு எண்ணெயிட்டு வருகிறாள். கடைத்தெருவில் அவளுக்கு எவரும் வழிவிடுவர். அடுமனைக்காரர் முதல் அப்பத்தை அவளுக்கென்றே எடுத்து வைப்பார். அப்பெருமையெல்லாம் அவளை முள்ளாய்க் குத்தியது என்பதை ஒருவரும் அறியார். ஊர் உயிராய்ப் போற்றும் அக்கதை நடந்த நாளில் அவள் தந்தை கூண்டிலேயே இல்லை.

அன்று அவர் கடுங்காய்ச்சலில் வீட்டில் கிடந்தார். வாரத்திற்கு ஒருநாள் நாலரை மணிக்குப் பொறியை நிறுத்தி, எண்ணெயிட்டு, மீண்டும் முள்ளைச் சரியான நேரத்துக்கு நகர்த்தி ஓடவிடவேண்டும். வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்னும் அச்சத்தில் பதினோரு வயது மகளை அனுப்பினார். அவள் எண்ணெயிட்டாள், சக்கரங்களைத் துடைத்தாள், தந்தையின் சிறு மணிப்பொறியைப் பார்த்தாள். ஐந்தாக ஏழு மணித்துளி. நீள்முள் உச்சிக்குச் சற்று இடப்புறம் நிற்கவேண்டும் என்று கணித்தாள். ஆனால் தெருவில் நின்று பார்ப்போர்க்கு எது இடமோ, கூண்டின் உள்ளே நின்று முகப்பைப் பின்னிருந்து பார்ப்போர்க்கு அது வலம். காவலர் கைகளுக்குப் பழகிய அந்தத் தலைகீழ் பழகாத சிறுமி, தன் கண்ணுக்கு இடப்பக்கம் தெரிந்த இடத்துக்கு முள்ளைத் தள்ளினாள். போகிற வழியில் அது உச்சியைக் கடந்தது. கடந்ததும் மணியின் பெருஞ்சம்மட்டி தானே எழுந்து ஐந்து முறை இடித்தது. தப்பு செய்துவிட்டோம் என்று உணர்ந்து அவள் காதைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோதுதான் ஆலைக் கூரை இறங்கிற்று.

ஊர் திரண்டு அவள் வீட்டுக்கு ஓடி வந்தது. காய்ச்சலில் நடுங்கியவரைத் தோளில் தூக்கியது. ‘எப்படித் தெரிந்தது?’ என்று நூறு வாய்கள் கேட்டன. சிறுமியை அனுப்பினேன் என்று சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஏதேனும் ஒன்று சொல்லியாகவேண்டும். பிளவைக் கண்டதாகவும் கண்காணியிடம் சொல்லியதாகவும் மணியடித்துவிட்டு வந்து படுத்ததாகவும் அவர் வாயில் வந்ததைச் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று மகள் கேட்டாள். ஆலை உடைமையாளருக்கும் பழி சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கண்காணி மறுத்துரைத்தும் அன்றே விலக்கப்பட்டார். குடை தைத்து நான்காண்டுகள் வாழ்ந்து மறைந்தார். அவர் மகளும் மணிக்காரியும் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே கரும்பலகையில் எழுதிய தோழியர். மறுநாள் முதல் பூட்டன் மகளின் அருகில் எவரும் அமரவில்லை. மணிக்காரியும் அமரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பலகைக்குப் போனாள். அதையும் ஊர் நியாயம் என்றே கொண்டது.

அந்தத் தோழிதான் இப்பொழுது ஊர் நூலகத்தின் பொறுப்பாளர். ஊர்க்கதைகள் அனைத்தையும் தொகுத்து ஒரு நூலாக்கும் பணி அவளிடம் வந்தது. கிணற்றில் விழுந்த நிலவைத் தேடியவன் கதை, ஆற்றுப் பாலத்தை ஒரே இரவில் கட்டிய எழுவர் கதை என்று முப்பத்தொன்று எழுதி முடித்தாள். ஒவ்வொன்றையும் ஊரவையில் படித்து, அக்கதைக்குரிய குடும்பத்தார் ‘உண்மை’ என்று கையெழுத்திட்ட பின்பே அச்சேற்றுவது என விதித்திருந்தாள். மணிக்கூண்டுக் கதையின் தாளை எடுத்துக்கொண்டு, அவை கூடுவதற்கு முதல்நாள், தொண்ணூற்றிரண்டு படிகளையும் மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

“படிச்சுப் பாத்துக்குங்க. நாளைக்கு எல்லார் முன்னாடியும் கையெழுத்துப் போடணும்” என்றாள்.

மணிக்காரி படித்தாள். விரட்டினான், எள்ளினான், மறித்தான் என்று ஒரு சொல்லும் குறையாமல் இருந்தது. அதே உருண்டையான எழுத்து. கரும்பலகையில் அவள் பார்த்துப் பொறாமைப்பட்ட எழுத்து.

“உங்க அப்பாவைப் பத்தி நீங்களே இப்படி எழுதணுமா? கொஞ்சம் மாத்தி எழுதியிருக்கலாமே.”

“எங்க அப்பாங்கிறதுக்காக இதுல கை வச்சா, மீதி முப்பதையும் யாரு நம்புவாங்க? ஊர் சொல்றதத்தான் எழுதியிருக்கேன். எனக்குத் தெரிஞ்ச அப்பா வேற ஆளு. ஆனா அதுக்குச் சாட்சி இல்லையே.”

இறங்கப் போனவள் படியருகில் நின்று, “உங்க முழங்காலுக்கு ஒரு நல்ல எண்ணெய் இருக்கு, கொண்டு வந்து தரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐம்பதாண்டுகளாய்த் தன்னை ஒதுக்கியவளிடம் ஒரு மனிதப் பிறவி இப்படியும் பேசக்கூடும் என்பது மணிக்காரியை நொறுக்கியது. திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். சக்கரங்களுக்கு நடுவே அமர்ந்து வாய்விட்டு அழுதாள். தந்தையை அவள் நேசித்தாள். அவர் பொய்யராய் ஊரார் வாயில் விழுவதை எண்ணவே அவளால் முடியவில்லை. கையெழுத்திட்டால் அப்பொய் அச்சில் ஏறி, இருவரும் மறைந்த பின்னும் வாழும்.

மறுநாள் காலை நூலகத்தின் நீள்கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் எழுபத்திரண்டு வயதான ‘நூற்கண்டு’ அக்கா அமர்ந்திருந்தார். பேசத் தொடங்கினால் முடிவு கிட்டாது என்பதால் வந்த பெயர் அது. ஆலையிலிருந்து வெளிவந்த அறுபத்து மூவரில் எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. பொறுப்பாளர் கதையைக் குரல் நடுங்காமல் படித்து முடித்து, எழுதுகோலை மணிக்காரியின் பக்கம் நீட்டினாள்.

மணிக்காரி அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டாள்.

“நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது பொய். அன்னிக்கு மணி அடிச்சது எங்க அப்பா இல்ல, நான். வேணும்னு அடிக்கல. முள்ளைத் தப்பாத் தள்ளிட்டேன். எங்க அப்பா காய்ச்சல்ல படுத்திருந்தார். சுவர்ல பிளவு எதையும் அவர் பாக்கல. கண்காணி அய்யாகிட்ட யாரும் போய் எதுவும் சொல்லல. ஊர் கேட்டப்ப பயத்துல சொன்ன பொய், அப்புறம் திருப்பி எடுக்க முடியாமப் போச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். ஐம்பது வருஷமா வாயை மூடிட்டு இருந்தேன்.”

கூடம் குளவிக் கூட்டைக் கலைத்தாற்போல் எழுந்தது. “செத்தவரைப் போய் இப்படிச் சொல்லலாமா?” என்றார் ஒருவர். “இத்தனை நாள் எங்க போயிருந்த?” என்றார் இன்னொருவர். அடுமனைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொறுப்பாளர் மட்டும் அசையாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பொழுது நூற்கண்டு அக்கா கைத்தடியால் தரையைத் தட்டினார்.

“கொஞ்சம் சும்மா இருங்கப்பா. எனக்கு ஒண்ணு புரியல. யாரும் கண்காணிகிட்டச் சொல்லலைன்னா, அவர் எதுக்குக் கதவைத் திறந்தார்?”

“உடைச்சுக்கிட்டுதானே வந்தீங்க?” என்று யாரோ கேட்டார்.

“அந்தக் கதவையா? நாலு யானை வேணும் அதை உடைக்க. பின்னால நின்னவங்களுக்கு என்ன தெரியும்! நான் முன்னால நின்னேன், எட்டு மாசம் எனக்கு. மணி அடிச்சதும் அவர் கடியாரத்தைப் பாத்தார். ‘இன்னும் ஏழு நிமிஷம் இருக்கே’ன்னார். நேரத்துக்கு முன்னால திறந்தா வேலை போயிடும், அதுதான் முதலாளி போட்ட சட்டம். அப்புறம் என் காலைப் பாத்தார். வீங்கிக் கிடந்துச்சு. ‘நின்னு நின்னு காலைப் பாரும்மா. போ. ஏழு நிமிஷத்துல ஆலை ஒண்ணும் முழுகிடாது’ன்னு சொல்லிட்டு, சாவியை எடுத்து அவரே திறந்து விட்டார்.”

முதியவர் நிறுத்தினார். அவர் பேச்சை நடுவில் நிறுத்தியதை அவ்வூர் அதுவரை கண்டதில்லை.

“கூரை விழுந்ததும், இந்த ஆளுக்கு முன்னமே தெரியும், மறைச்சுட்டு கடைசியில பயந்து திறந்திருக்கான்னு ஊர் சொல்லுச்சு. நானும் அப்படியே நம்பிட்டேன். உடைச்சுக்கிட்டு வந்தோம்னு கதை மாறினப்பவும் மறுக்கல. தெரியாதா அவருக்கு? ஒண்ணுமே தெரியாமலா, என் காலுக்காகத் திறந்தார்?” என்று கேட்டு, ஐம்பதாண்டுக்குப் பிந்திய நன்றியும் நாணமும் ஒருங்கே வர, முகத்தை மூடிக்கொண்டு விம்மினார்.

பொறுப்பாளர் அத்தாளை எடுத்து நான்காய்க் கிழித்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்துவைத்து, அக்காவின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, “மறுபடி சொல்லுங்க அக்கா. மெதுவா. ஒண்ணு விடாம” என்றாள். அவள் கண்ணீர் எழுத்தின்மேல் விழுந்து மை கலைந்தது, அவள் துடைக்கவில்லை. எழுந்து போக நினைத்த ஊரார் ஒவ்வொருவராய் மீண்டும் அமர்ந்தனர்.

அன்று மாலை மணிக்காரி கூண்டில் தனியே நின்றாள். கீழே முற்றத்தில் கூட்டம் கூடி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பொய்யின் பேரில் முந்திய மணியை இனியும் முந்தி அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சரியாய் ஐந்துக்கே அடிப்பது என முடிவு செய்திருந்தாள். ஐந்தாகப் பத்து மணித்துளி இருக்கையில் படிகளில் மூச்சிரைப்பு கேட்டது. பொறுப்பாளர் கையில் எண்ணெய்ப் புட்டியுடன் வந்து நின்றாள்.

“உன்னை மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல. அது முடியுமான்னு எனக்கே தெரியல. எங்க அப்பா செத்தப்ப நாலு பேர் கூட வரல.”

“தெரியும்” என்றாள் மணிக்காரி. “நானும் வரல.”

இருவரும் முகப்பின் பின்புறம் தலைகீழாய் நகரும் முட்களைப் பார்த்துக்கொண்டு நின்றனர். நீள்முள் ஐந்துக்கு ஏழு மணித்துளி முந்திய இடத்தை நெருங்கியது. மணிக்காரி கயிற்றினின்று கையை விலக்கி, “இன்னையிலேர்ந்து அஞ்சுக்கே அடிச்சிடறேன்” என்றாள்.

“வேண்டாம். ஏழு நிமிஷம் முன்னாடியே அடிடி. அது உங்க அப்பா கொடுத்தது இல்ல. எங்க அப்பா கொடுத்தது.”

ஐம்பதாண்டுக்குப் பின் அந்த ‘டி’யைக் கேட்ட மணிக்காரி கயிற்றை மீண்டும் கையில் எடுத்தாள். தோழி அவள் கைக்கு மேலே கயிற்றைப் பற்றினாள். இருவருமாய் இழுக்க, மணி ஐந்து முறை ஒலித்து, ஓட்டுக் கூரைகளின்மேல் உருண்டு, ஆற்றைக் கடந்து சென்றது.

பெருந்தகையீர், இன்றும் அவ்வூரில் மாலை மணி முந்தித்தான் ஒலிக்கிறது. புதிதாய் வந்தவர் திகைக்கின்றனர். ஊரார் உட்காரவைத்துக் கதை சொல்கின்றனர். அக்கதையில் இப்பொழுது முள்ளைத் தவறாய்த் தள்ளிய சிறுமி ஒருத்தி வருகிறாள்; அஞ்சிப் பொய் உரைத்த தந்தை ஒருவர் வருகிறார், அவரையும் ஊர் இரக்கத்தோடுதான் சொல்கிறது. இறுதியில், தம் வேலையைப் பணயம் வைத்து, வரப்போவது எதுவென்று அறியாமல், ஒரு பெண்ணின் வீங்கிய கால்களைப் பார்த்துக் கதவைத் திறந்த ஒருவர் வருகிறார். அவ்விடம் வரும்போது சொல்பவர் குரல் தாழும். கேட்பவரும் தம் மணிப்பொறியைப் பையில் இட்டு, அவ்வூர் நேரத்துக்கு எழுந்து வீடு செல்வர்.