இரண்டு விளக்குகளும் கடைசி வரியும்

"குப்பைத்தொட்டி அங்க நிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"பன்னிரண்டு வருஷமா அங்கதாம்மா நிக்குது."

"அப்போ அதுக்கும் கொஞ்சம் காலாற நடக்கணும்னு தோணியிருக்கும். நான் ஒரு கை கொடுத்தேன்."

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு கொட்டகைக் கூரையைப் பார்த்தாள். மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கையில் கார் சாவி இருந்தது. அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து சுவர் ஆணியிலிருந்து எடுத்திருந்தான்.

"சாவியை வை."

"வைக்க மாட்டேன். முதல்ல கண்ணைக் காட்டு. மூணு வருஷமா கேக்கறேன். ஊர்ல இருக்கற கண்ணையெல்லாம் பார்க்கறேன், பெத்தவ கண்ணைப் பார்த்ததில்ல."

"என் கண்ணுக்கு என்னடா? இது ரெண்டையும் பாரு. கோளாறு இங்க இருக்கு." அம்மா காரின் முன்விளக்கு ஒன்றை விரல் முட்டியால் தட்டினாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. விளக்கு இரண்டும் பழைய சோப்புக்கட்டி நிறத்தில் மங்கிக் கிடந்தன. மேல்பக்கம் மஞ்சளித்து, செதில் செதிலாக உரிந்து, உள்ளே இருக்கும் பல்பு பனிமூட்டத்துக்குப் பின்னால் நிற்கும் ஆள் மாதிரி தெரிந்தது.

தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரம்மாதான். முப்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவள். கடையை மகனிடம் கொடுத்த அன்றைக்கே பஸ் ஏறிப் போய், இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். இரண்டே கதவு. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். அப்போதே காருக்கு இருபத்தைந்து வயது, அவளுக்கு அறுபது. "இது நாள்வரைக்கும் எல்லாரும் தெளிவா பார்க்கறதுக்காக உட்கார்ந்த இடத்துலயே இருந்தேன். இனிமே நான் போய்ப் பார்க்கறேன்" என்று சொன்னாள்.

வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் கூரையை மடக்கிவிட்டு, தையல்காரத் தோழியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரைச் சாலையின் கடைசி வளைவுவரை போவாள். இருவரும் பிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடிப்பார்கள். தண்ணீர் கறுத்ததும் விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். அந்த வளைவில் காற்று முகத்தில் அடிக்கும்போது, எங்கோ தொலைதூரத்து நாவலில் வரும் பெண் ஒருத்தியின் வாழ்க்கையைக் கடன் வாங்கி ஓட்டுவதுபோல அவளுக்கு இருக்கும். வாரத்தின் மற்ற ஆறு நாட்களும் அந்த ஒரு நாளுக்கு வரிசையில் நிற்பவை.

போன வியாழக்கிழமை திரும்பி வரும்போதுதான் எதிர்வீட்டு வக்கீலின் குப்பைத்தொட்டி காரில் இடிபட்டுக் காலாற நடக்கப் போனது.

"சரிம்மா, ஒரு பந்தயம்" என்றான் மகன். "விளக்கை நீயே சுத்தம் பண்ணு. நான் கடையிலிருந்து கண் பார்க்கற அட்டையைக் கொண்டுவந்து அந்தச் சுவர்ல மாட்டறேன். ஷட்டரை இறக்கி இருட்டாக்கிட்டு, நீ டிரைவர் சீட்ல உட்காரு. உன் விளக்கு வெளிச்சத்துலயே கடைசி வரியைப் படி. படிச்சிட்டா சாவி உன்னோடது, இனிமே நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"படிக்கலைன்னா?"

"அப்போ சாவி என்கிட்ட. நீ டாக்டர்கிட்ட."

"இவ்வளவுதானா?" என்று அலட்சியமாகச் சொன்னாள்.

ஆனால் உள்ளுக்குள் அவளுக்குத் தெரியும். தெருவிளக்குகளைச் சுற்றி ஒரு வருஷமாகப் பூனைமயிர் முளைத்திருக்கிறது. எதிரே வரும் வண்டியின் விளக்கு பூசணிப்பூ மாதிரி விரிந்துகொண்டே வருகிறது. எத்தனை பேரை எதிரே உட்காரவைத்து, "வெளிச்சத்தைச் சுத்தி வட்டம் தெரியுதா?" என்று அவளே கேட்டிருக்கிறாள்! கண்புரை ஆபரேஷனுக்கு அவள் பயப்படவில்லை. சாவி ஆணியை விட்டுப் போவதுதான் பயம். அவளுடைய அண்ணனிடமிருந்து பிள்ளைகள் "கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லி வாங்கிய ஸ்கூட்டர் சாவி, இன்று அவர் பேரனின் இடுப்பில் தொங்குகிறது. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

மகன் கடைக்குப் போனான். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

"அத்தை, பற்பசை போட்டுத் தேய்ச்சா போதுமாம். போன்ல ஒருத்தன் காட்டினான்" என்றாள் மருமகள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனிக்கிழமை என்பதால் வேடிக்கை பார்க்க வந்து, வாளி தூக்கும் வேலையில் மாட்டிக்கொண்டாள்.

"அவன் காருக்குப் பல்லு இருக்கும்போல. பதினைஞ்சு நாள் பளபளன்னு இருக்கும், அப்புறம் பழைய குருடி. மேல் தோலே வெயில்ல வெந்து போச்சு, பொண்ணே. அதை உரிச்சுட்டுப் புதுத்தோல் போடணும். அந்த டேப்பை எடு."

விளக்கைச் சுற்றிச் சிவப்புப் பெயின்ட்டின்மேல் காகித டேப்பை ஒட்டினாள். சோப்புத் தண்ணீரால் கழுவினாள். அப்புறம் எண்ணூறாம் நம்பர் உப்புத்தாளை வாளியில் நனைத்து, இடமும் வலமுமாக இழுக்க ஆரம்பித்தாள். மஞ்சள் பால் வழிந்தது. மருமகள் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். கால்மணி நேரத்தில் விளக்கு முழுக்க வெள்ளையாகி, சுண்ணாம்பு அடித்த ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மகன் அட்டைச் சுருளோடு வந்து நின்றான். "அய்யய்யோ! முன்னாடி கொஞ்சமாவது தெரிஞ்சுது!"

"லென்ஸ் தேய்க்கற குடும்பத்துல பிறந்துட்டுப் பேசற பேச்சா இது? முதல்ல கெடுக்கணும்டா. கெடுத்துட்டுத்தான் சரி பண்ணணும்."

ஆயிரத்து ஐந்நூறாம் நம்பர் தாளை மேலும் கீழுமாக ஓட்டினாள். முதல் கீறல்கள் எல்லாம் அழிந்துபோனதா என்று பார்க்கக் குனியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினாள். இரண்டாயிரத்தை மறுபடி இடம்வலமாக, அப்புறம் மூவாயிரத்தை வட்டமாக. தாளின் முதுகில் நம்பர் அச்சிட்டிருந்தது. அவள் ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. கட்டைவிரலால் ஒரு உரசு உரசியே எது எது என்று எடுத்தாள். சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்த மகன் சுத்தியலை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தான்.

"அத்தை, இந்த மூலையில கொஞ்சம் மஞ்சள் விட்டுட்டீங்க."

"திருஷ்டிக்கு விட்டது."

"மூணு விரல் அகலத்துக்கா?"

"பெரிய கார் இல்லையா, பெரிய திருஷ்டி." ஆனாலும் அந்த மூலைக்கு முதலிலிருந்து எல்லாத் தாளையும் ஒரு சுற்று போட்டாள். மருமகள் விரல்வைத்துக் காட்டிய இடத்தில்தான் தாள் போனது.

ட்ரில்லின் முனையில் பஞ்சு வட்டைச் செருகி, பாலிஷைத் தொட்டு வைத்தாள். ட்ரில் பாடத் தொடங்கியது. வட்டு போன வழியெல்லாம் சுண்ணாம்பு விலகி, உள்ளே பல்பு, பல்புக்குப் பின்னால் வெள்ளிக்கிண்ணம், கிண்ணத்தில் தலைகீழாக மூன்று பேர் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மருமகள் "அம்மாடி!" என்றாள். மகன்கூட ஆணியை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். கடைசியில் ஸ்பிரிட்டால் துடைத்து, வெயில் தாங்குகிற கிளியர் கோட்டை மெல்லிசாக இரண்டு தடவை ஸ்பிரே பண்ணினாள்.

"இதுதான் புதுத்தோல். ஒன்றரை மணி நேரம் ஒரு ஈகூட உட்காரக்கூடாது. வாங்க, சாப்பிடலாம்."

அன்று சாப்பாட்டில் அவள்தான் அதிகம் பேசினாள். அதிகம் பேசினால் அம்மாவுக்கு உதறல் என்று மகனுக்குத் தெரியும். தெரிந்ததாக அவன் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிற அளவுக்கு நீளமான கொட்டகை அது. காரை ஷட்டர்வரை பின்னால் தள்ளினார்கள். மகன் டேப் பிடித்து, சீட்டிலிருந்து சுவருக்கு ஆறு மீட்டர் அளந்தான். அட்டையைத் துணி போட்டு மூடினான்.

"எதுக்குடா திரை? நாடகமா?"

"முன்னாடியே பார்த்துடக் கூடாதில்ல."

மருமகள் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். மகன் ஷட்டரைக் கரகரவென்று இறக்கினான். மத்தியானம் வெளியிலேயே நின்றுவிட்டது. கொட்டகைக்குள் ஈரத்தாள் வாசனையும் இருட்டும் மட்டும் இருந்தன. கார் ஜன்னல் வழியாக அவன் சாவியை நீட்ட, அவள் வாங்கித் திருகிவிட்டு விளக்கைப் போட்டாள்.

சுவர் விடிந்தது.

அப்படி ஒரு வெளிச்சம். சுவரில் பல்லி ஒன்று திகைத்துப்போய் ஓடியது. மருமகளின் நிழல் கூரைவரை ஏறியது. கண்ணாடிக்காரம்மாவுக்கு ஒரு நொடி பெருமையில் நெஞ்சு விம்மிவிட்டது. அடுத்த நொடியே விஷயம் உறைத்தது. இனிமேல் எந்தக் குற்றத்தையும் இந்த விளக்குகள்மேல் போட முடியாது. அவள் கையாலேயே அவற்றை நிரபராதிகளாக்கிவிட்டாள்.

மருமகள் துணியை உருவினாள்.

மேலே பெரிதாக ஆறு என்ற எண். அது தெரிந்தது. அதன் கீழே இரண்டு எண்கள். மூன்றாவது வரியைக் கொஞ்சம் மிரட்டினால் சொல்லிவிடும். நான்காவதில் எறும்புகள் ஊர்ந்தன. அதற்குக் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டு, விரலால் தேய்த்துவிட்டது மாதிரி இருந்தது.

"கடைசி வரிம்மா" என்றான் மகன்.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மேலே ஆறு. அந்த ஆறு அவளுக்குப் பழக்கப்பட்ட ஆறு. ஒரு நாளைக்கு இருபது பேர், முப்பது வருஷம். மூங்கில் குச்சியால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்காட்டி, அவர்கள் திக்கித்திணறும்போதெல்லாம் மனதுக்குள் விடையைச் சொல்லிக்கொண்டு நின்றவள் அவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எட்டு. மூணு. ஆறு. அஞ்சு. ரெண்டு. ஒன்பது."

ஒரு தடங்கல் இல்லை. கொஞ்சம் ராகம்கூட இருந்தது. கைதட்டலுக்காகக் காத்திருந்தாள்.

மருமகள் அட்டையைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். கணக்கு டீச்சர் ஆயிற்றே, எண் விஷயத்தில் அவளால் பொய் சொல்ல முடியாது.

"என்ன, ரெண்டு பேரும் ஊமையாயிட்டீங்க?"

மகன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் குனிந்தான். "அம்மா, அந்தப் பழைய அட்டை கிழிஞ்சு போய் நாலு மாசமாச்சு. இது புதுசு."

"மேல ஆறு இருக்கே!"

"இதுலயும் மேல ஆறுதான். மத்ததெல்லாம் வேற."

கொட்டகைக்குள் பல்லி மட்டும் ஏதோ சொன்னது. கண்ணாடிக்காரம்மாவின் காது மடல் சூடேறியது. முப்பது வருஷத்தில் அட்டையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஏமாற்றப் பார்த்த எத்தனையோ பேரை அவள் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். பிடித்ததும் அவர்கள் முகம் எப்படி இருக்குமோ, அந்த முகம் இப்போது பின்னால் பார்க்கும் கண்ணாடியில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கே பொறுக்கவில்லை. குபீரென்று சிரித்துவிட்டாள். அதற்காகவே காத்திருந்த மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்ணாவது சரியா வந்துதா, பொண்ணே?"

"ஒண்ணு வந்துது அத்தை. அஞ்சு. ஆறுக்கு ஒண்ணு."

"பாஸ் மார்க் எவ்வளவு?"

"அது இல்லைங்க அத்தை."

மகனும் சிரித்தான். ஆனால் சிரித்து முடித்ததும் அவன் முகம் சின்னப் பையனின் முகமாகிவிட்டது. "எவ்வளவு நாளாம்மா?"

அவள் விளக்கை அணைத்தாள். இருட்டில் சொல்வது சுலபமாக இருந்தது. "ஒரு வருஷம் இருக்கும்."

"ஒரு வருஷமா அப்படித்தான் ஓட்டினியா?"

"மெதுவாத்தான் ஓட்டினேன்."

"கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸும் இதே கதைதாம்மா. மங்கினதை எடுத்துட்டுப் புதுசு வைப்பாங்க. உனக்கு நான் சொல்லணுமா?"

"அங்க உப்புத்தாள் போட வேண்டாம்னு மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிடு."

அவன் ஷட்டரைத் தூக்கினான். மத்தியானம் முழுசாக உள்ளே வந்து விழுந்தது. காரின் இரண்டு விளக்குகளும், அப்போதுதான் பிறந்த ஏதோ ஒரு பிராணியின் கண்கள் மாதிரி பளிச்சென்று எதிர்ச்சுவரைப் பார்த்தன.

"இன்னைக்கே கடைக்கு வா. மெஷின்ல பார்த்து எழுதிடறேன். திங்கட்கிழமை டாக்டர்" என்று சொல்லிவிட்டு மகன் கையை நீட்டினான்.

பந்தயம் பந்தயம்தான். அவள் சாவியைக் கழற்றினாள். மூக்குக்கண்ணாடி முடுக்குகிற குட்டி ஸ்க்ரூடிரைவர் ஒன்று சாவியோடு வளையத்தில் தொங்கியது. முப்பது வருஷத்துச் சாமானில் அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஆனால் விரலை எடுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏண்டா, கண்ணா."

"என்னம்மா?"

"இப்போ பட்டப்பகல். கடைக்கு ரெண்டே தெரு, திருப்பம்கூட ஒண்ணுதான். வக்கீலும் தொட்டியை உள்ள இழுத்து வெச்சுட்டார். நீ பக்கத்து சீட்ல உட்காந்துக்க. கூரையை மடக்கிடலாம். கடைவரைக்கும்... நானே ஓட்டிட்டு வரட்டுமா?"