காயாத சட்டை

கிளினிக்கிலிருந்து திரும்பிய ஐவி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் படுக்கையறைக்குள் போனாள். கட்டிலின் மேல் விரித்துவிட்டுப் போன துவாலையில் ஒன்றுமே இல்லை. சின்னக் கைகள் வைத்த ஒரு சட்டையின் ஈரத்தடம் மட்டும் பதிந்திருந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. சனிக்கிழமை வருவதாக இருந்த மாமியார் கெர்ட்ரூட், சிலிம் ரிவர் ஊரிலிருந்து இன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டிருந்தாள்.

ஐவிக்கு முதல் பிள்ளை தங்காமல் போயிற்று. இரண்டாவது ஈப்போவை ஒட்டிய இந்தப் புந்தோங் வீட்டிலேயே, மாதம் நிறையும் முன்னால், உயிரில்லாமல் பிறந்தது. இப்போது மூன்றாவது வயிற்றில். "பிள்ள கைக்கு வர்ற வரைக்கும் ஒரு துணி வாங்கக் கூடாது" என்று கெர்ட்ரூட் சொல்லியிருந்தாள். கணவன் டொமினிக்கும் தலையாட்டினான். அதனால் அவன் பஸ் ஓட்டப் போன நேரமாகப் பார்த்துத்தான் ஐவி பின்னல் ஊசியைக் கையில் எடுத்தாள். ஈப்போவில் நூல் விற்கும் சீனத்தி அவளைக் கம்பளி வாங்கவே விடவில்லை. இந்த வெயிலுக்குப் பிள்ளை உடம்பெல்லாம் வேர்க்குரு வந்துவிடும் என்று மலாயில் சொல்லி, லினன் நூலை எடுத்துக் கொடுத்தாள். கான்வென்ட்டில் கம்பளி பின்னிப் பழகிய கைக்கு அது சணல் போல இருந்தது. நூலை இழுத்தால் நீளவில்லை, விரலைத்தான் அறுத்தது. பின்னி முடித்தபோது சட்டை சாக்குத்துணி மாதிரி விறைத்து நின்றது. துவைக்கத் துவைக்கத்தான் மெத்தென்று ஆகும், ஆனால் முறுக்கிப் பிழியாதே, தொங்கவிடாதே, பின்னல் இழுபட்டு நீண்டுவிடும், துவாலையில் சுருட்டி ஈரத்தை எடுத்துப் படுக்கவைத்துக் காயப்போடு என்றாள் சீனத்தி. அதுவும் ஐவிக்கு வசதியாகவே போயிற்று. கொடியில் ஒரு பிள்ளைச் சட்டை தொங்கினால் தெருவே வந்து கேட்கும்.

இன்று கிளினிக்கில் நர்ஸ் ரத்த அழுத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள். அடுத்த வாரமே வரச் சொன்னார்கள், ஏன் என்று சொல்லவில்லை. வருகிற வழியெல்லாம், அந்தச் சட்டையைப் பின்னியிருக்கக் கூடாதோ என்ற நினைப்புதான் ஐவிக்கு. இப்போது சட்டையையே காணோம். தலையணையைப் புரட்டினாள். அலமாரியைத் திறந்தாள். கொல்லைப்பக்கம் போய்க் குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"அங்க என்னத்தத் தேடுற?" கெர்ட்ரூட் கொல்லை வாசற்படியில் வந்து நின்றாள். "கட்டில் மெத்த ஊறிப்போச்சுலா. கொடியில போட்டுட்டேன்."

கொடியில் டொமினிக்கின் காக்கிச் சட்டைகள்தான் தொங்கின. ஐவி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கடைசிச் சட்டைக்குப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. கழற்றினாள். உள்ளே, இரண்டு கிளிப்பில் அந்தச் சின்னச் சட்டை. ஈரத்தின் பாரத்தில் நீண்டு, இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரு கண்ணும் படக் கூடாதுன்னுதான் உள்ள மாட்டுனேன்" என்றாள் கெர்ட்ரூட். பிறகு, "வேணாம்னு சொன்னேன்ல, ஐவி" என்றாள்.

"ரெண்டு தடவையும் ஒண்ணுமே பண்ணி வைக்கல, அத்த. அப்பவும் போச்சு."

சொன்ன பிறகுதான் ஐவிக்குப் பயம் வந்தது. மாமியாரை எதிர்த்து அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சட்டையைக் கிளிப்பிலிருந்து எடுத்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஈரம் சேலையில் இறங்கியது.

கெர்ட்ரூட் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டாவது பொறந்த அன்னிக்கு நீ மயக்கத்துல கெடந்த. ஒனக்குத் தெரியாது" என்றாள், முகத்தைப் பார்க்காமல். "பிள்ளயச் சுத்தி அடக்கத்துக்குக் குடுக்க வீட்டுல ஒரு துணி இல்ல. டொமினிக்கோட பழைய கைலியக் கிழிச்சுத்தான் சுத்துனேன். அதுல பெயிண்டுக் கற வேற."

ஐவிக்கு இதை யாரும் சொன்னதில்லை. அவள் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கெர்ட்ரூட் கையை நீட்டினாள். ஐவி தயங்கித் தயங்கிச் சட்டையைக் கொடுத்தாள். கிழவி அதைப் புரட்டிப் பார்த்தாள். இழுபட்டுப்போன தோள்பக்கத்தை விரலால் ஒதுக்கிவிட்டாள். பிறகு கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள்.

"குத்துதே."

"இன்னும் துவைக்கணும், அத்த."

"நான் தொங்கவிட்டது சரியாவுமா?"

"நனைச்சு, கையால குறுக்கித் தட்டி வச்சா கொஞ்சம் திரும்பும்னு நெனைக்கிறேன். தெரியல."

கெர்ட்ரூட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அலுமினியப் பேசினைக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்தாள். புறங்கையை விட்டுப் பார்த்து, அடுப்பிலிருந்த கெட்டிலை எடுத்துவந்து கொஞ்சம் ஊற்றினாள். மறுபடி கையை விட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் குனிந்து சட்டையை உள்ளே விட்டார்கள். அதன் உடற்பகுதி மெல்ல முங்கிற்று. ஒரு கை மட்டும் காற்றடைத்து மேலே நின்றது. அதை அமுக்காமல், தானாக இறங்கட்டும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.