பழைய சீவரம் வளைவில் கரும்புகை

“கூ...ஊ...ஊ...” என்று வாலாஜாபாத்தையே உலுக்கிக்கொண்டு எழுந்த ஊதல், பாதியில் தொண்டை கட்டியதுபோல் இழுத்து, ‘புஸ்’ என்று அடங்கியது.

அரிசி ஆலையின் கொதிகலன் முன்னால் நின்றிருந்த எஸ்தர், கையிலிருந்த உமிக்கூடையை அப்படியே கீழே போட்டாள்.

“கலியண்ணே, கேட்டியா?”

அடுத்த ஷிப்டுக்குச் சீக்கிரமே வந்து டீ குடித்துக்கொண்டிருந்த கலியன் சிரித்தார். “கேட்டேன். உன் கறுப்பாயி வந்துட்டா. போயி கையாட்டிட்டு வா.”

“வரலண்ணே, மூச்சு முட்டி நிக்குது. இந்த ஊதலு நூத்தி அம்பது பவுண்டு பிரஷருக்கு வர்றதில்ல. எம்பதுகூட இருக்காது.”

“சத்தத்தக் கேட்டே பிரஷர் சொல்லுவியா நீ?”

“பதினாலு மாசமா அவ வயித்துக்குள்ள பூந்து துரு சுரண்டுனது யாரு? நீ இத பாத்துக்கோ. நான் போறேன்.”

“போ, போ. கட்டுன புருஷன் கூப்ட்டாகூட இப்டி ஓட மாட்ட.”

கறுப்பாயி ஒரு நீராவி எஞ்சின். முப்பது வருடம் ஒரு பணிமனை வாசலில் சிமெண்ட் மேடைமேல் காக்கைகளுக்கு இடம் கொடுத்துக்கொண்டு நின்றவள். பாலாறு நீராவி ரசிகர்கள் என்ற குழு அவளைக் கீழே இறக்கி, குழாய் குழாயாகக் கழற்றிச் சுத்தம் செய்து, உயிர் கொடுத்தது. குழுவின் செயலாளர் சின்ன காஞ்சிபுரம் சக்ரவர்த்தி. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அனுமதிக்காக அவர் எழுதிய கடிதங்களை அடுக்கினால் எஞ்சின் உயரம் வரும் என்பார்கள்.

இன்று அவளுக்குத் தேர்வு. செங்கல்பட்டிலிருந்து ஐந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வரை சொந்த நீராவியில் போய்ச் சேர்ந்தால், மாதம் ஒரு ஞாயிறு ஓடலாம். வழியில் நின்று, வேறு எஞ்சின் வந்து இழுத்துப் போனால், மறுபடியும் சிமெண்ட் மேடை. இந்தமுறை நிரந்தரமாக.

ஒவ்வொரு ஞாயிறும் குழாய் சுரண்டப் போன எஸ்தர், எஞ்சினில் ஏறிக் கரி போடும் வேலையைக் கேட்டிருந்தாள். சக்ரவர்த்தி மென்மையாகத்தான் மறுத்தார். “நீ பாக்கறது மில் கொதிகலன்மா. அது நிக்கும். இது ஓடும்.” ஒரு வாரப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த விமல்ராஜுக்கு அந்த வேலை போயிற்று. எஸ்தர் வாலாஜாபாத்தில் தன் ஷிப்டுக்கு வந்துவிட்டாள். கையாட்டிவிட்டு வரலாம் என்றுதான் இருந்தாள்.

ஆலையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன். எஸ்தர் சுற்றிக்கொண்டு போகவில்லை. சுவர் ஏறிக் குதித்தாள்.

பிளாட்பாரத்தில் கறுப்பாயி நின்றிருந்தாள். புகைபோக்கியிலிருந்து ஊதுபத்தி அளவுக்குப் புகை. பெட்டிகளிலிருந்து இறங்கிய நூற்றுக்கணக்கான ரசிகர்கள் கேமராக்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு இழவு வீட்டு வாசலில் நிற்பதுபோல் நின்றிருந்தார்கள்.

“போச்சு! எல்லாம் போச்சு!” சக்ரவர்த்தி எஞ்சினுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கும் நடையாய் நடந்தார். “எலக்ட்ரிக் எஞ்சின் கிளம்பிடுத்தாம். பெருமாளை நடுவழியில பல்லக்கிலேர்ந்து இறக்கி லாரியில ஏத்தினாப்பல ஆயிடும்!”

“எவ்ளோ நேரம் சார் இருக்குது?” என்றாள் எஸ்தர்.

அப்போதுதான் அவளைக் கவனித்தார். “நீ எங்கேர்ந்து வந்தே? முக்கால் மணி நேரம். பதினொண்ணே முக்காலுக்கு நகரலேன்னா கொக்கியை மாட்டிடுவா.”

எஸ்தர் எஞ்சின் படிக்கம்பியைப் பிடித்து ஏறினாள். உள்ளே டிரைவர் காசிநாதன் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேலையில் இருந்த காலத்தில் டீசல் ஓட்டியவர். நீராவியை ஆசைக்காகக் கற்றுக்கொண்டவர். அவர் காலடியில், தலைமுதல் பாதம்வரை கரியோடு, விமல்ராஜ்.

“வாம்மா. கறுப்பாயிக்கு அஜீரணம்,” என்றார் காசிநாதன். “தம்பி பாசத்துல ஊட்டி ஊட்டி விட்டுட்டாரு.”

எஸ்தர் முதலில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். பயமில்லாத அளவு. அழுத்தமானி எழுபதில் நின்றது. அடுப்புக் கதவைத் திறந்தாள். உள்ளே தீயே தெரியவில்லை. பச்சைக் கரி மலைபோல் குவிந்து கிடந்தது. ஓரத்தில் மட்டும் மங்கலாக ஒரு சிவப்பு.

“எத்தினி ஷவல் போட்ட விமலு?”

“பன்னெண்டு இருக்கும்க்கா. ஒரேடியா. அந்த வளைவுல.”

“எதுக்கு?”

அவன் போனை நீட்டினான். குழுவின் வாட்ஸ்அப்பில், பழைய சீவரம் நெருங்கும் நேரத்தில் வந்த செய்தி: ‘பழைய சீவரம் வளைவில் கரும்புகை வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.’ அனுப்பியவர் பெயர் ‘புகைக்கூண்டு.’

குழுவில் எல்லோருக்கும் புகைக்கூண்டைத் தெரியும், யாரும் பார்த்ததில்லை. எஞ்சினின் ஒவ்வொரு ஆணியும் அவருக்கு அத்துப்படி. வால்வுகளைப் பற்றி எஸ்தரோடு ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறார். ஒரு ஞாயிறுகூட வேலைக்கு வந்ததில்லை. பென்ஷன் வாங்கும் பெரியவர் யாரோ என்று எஸ்தர் நினைத்திருந்தாள்.

பழைய சீவரம் மலையடிவாரம் ரசிகர்களுக்குக் காசி மாதிரி. பொங்கல் சமயத்தில் வரதராஜப் பெருமாள் எழுந்தருளும் அந்த மலையில், இன்று காலை கேமராக்காரர்களின் திருவிழா. அங்கே ரயில் வளையும்போது வானத்தில் கரும்புகை நீளமாக எழுந்தால்தான் வீடியோ வீடியோவாக இருக்கும். கரும்புகை என்பது எரியாமல் போகிற கரி. அது எஞ்சினுக்கு நோய், ரசிகனுக்கு விருந்து.

“ஏன்டா, எவனோ கேட்டா போட்டுடுவியா?” கீழேயிருந்து சக்ரவர்த்தி கத்தினார். “யார் அந்தப் புகைக்கூண்டு? அந்த மகானுபாவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!”

எஸ்தர் போனை விமல்ராஜிடமே திருப்பிக் கொடுத்தாள். அந்தச் செய்திக்கு அவளும் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தாள். உமிக்கூடையைத் தூக்கிக்கொண்டே, ஒரு கையால்.

“சார், நான் தீய சரி பண்றேன்,” என்றாள்.

“நீயா? இது மில் இல்லேம்மா...”

“இப்ப அவளும் நின்னுக்கினுதான சார் இருக்கா? நிக்கிற கொதிகலன் எனக்குத் தெரியும்னு நீங்கதான சொன்னீங்க?”

காசிநாதன் வாய்விட்டுச் சிரித்தார்.

“சர்ட்டிபிகேட் இருக்கா?”

கேட்டது முதல் பெட்டியிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண். கையில் கோப்பு. ரயில்வே அனுப்பியிருந்த பரிசோதனை அதிகாரி ஜெயப்ரியா. கறுப்பாயியின் தலைவிதி அந்தக் கோப்புக்குள்தான் இருந்தது. செங்கல்பட்டில் ஏறியதிலிருந்து அவர் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

எஸ்தர் போனில் படம் எடுத்து வைத்திருந்த கொதிகலன் சான்றிதழைக் காட்டினாள். ஜெயப்ரியா அதை ஒரு தடவை படித்தார். பெயரை மட்டும் இரண்டு தடவை படித்ததுபோல் இருந்தது.

“வண்டி நிக்கிற வரைக்கும் தீயைப் பாருங்க. நகர்றதா இல்லையான்னு அப்புறம் நான் சொல்றேன்.”

எஸ்தர் துப்பட்டாவை இறுக்கிக் கட்டினாள்.

“விமலு, கரியத் தொடாத. ஒரு துண்டுகூட வேணாம். அந்த நீட்டுக் கம்பிய எடு. காசிநாதன் சார், புதுத் தண்ணி உள்ள விடாதீங்க, இருக்கிறதே போதும். புகைபோக்கிக்கு நீராவிய லேசா திறந்து வெச்சிருங்க, காத்து இழுக்கட்டும்.”

விமல்ராஜும் அவளும் மாறி மாறிக் கம்பியை விட்டுக் குத்தினார்கள். குவியல் உடைந்தது. அடியில் சாம்பல் உருகிக் கருங்கல்லாய் இறுகியிருந்தது. காற்று வரும் வழியையே அது அடைத்திருந்தது. அதைத் தட்டித் தட்டி உடைத்துக் கீழே தள்ளினார்கள். கரியைப் பரத்தினார்கள். சூடு முகத்தில் அறைந்தது. இருபது நிமிடம் போயிற்று. முள் எழுபத்தைந்து.

“இது போதாது,” என்றாள் எஸ்தர். படியில் நின்று ஆலைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: “கலியண்ணே! கொட்டாங்குச்சி!”

அரிசி ஆலையில் ஞாயிற்றுக்கிழமை குளிர்ந்துபோன கொதிகலனைத் திங்களன்று எழுப்ப ஒரு வழி உண்டு. காய்ந்த கொட்டாங்குச்சி. சட்டென்று பற்றி, நீளமான நாக்கோடு எரியும். அந்த ஜுவாலைக்கு ஈரக்கரியும் வேறு வழியில்லாமல் பற்றிக்கொள்ளும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித்தருவதில்லை.

சுவருக்கு மேலே கலியனின் தலை தெரிந்தது. “எத்தினி மூட்டை?”

“இருக்கிறது எல்லாம்!”

மூட்டைகள் சுவரைத் தாண்டி விழுந்தன. அதுவரை சும்மா நின்றிருந்த ரசிகர்களுக்கு உயிர் வந்தது. கேமராக்களை முதுகுக்குத் தள்ளிவிட்டு வரிசையாக நின்றார்கள். கைமாற்றிக் கைமாற்றி மூட்டைகள் எஞ்சினுக்கு வந்தன. சக்ரவர்த்தி பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த வரிசையில் நின்றார்.

எஸ்தர் முறத்தில் உமி தூற்றுவதுபோல் வீசினாள். கொஞ்சம் இடது மூலை. கொஞ்சம் வலது மூலை. நடுவில் கொஞ்சம். கதவை மூடு. எண்ணிக்கொள். திற. மறுபடி கொஞ்சம்.

முதலில் படபடவென்று வெடிச்சத்தம். பிறகு ஒரு உறுமல். அடுப்பின் வாய் ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கண் கூசும் வெள்ளையானது.

“தொண்ணூறு,” என்றான் விமல்ராஜ்.

அதே நேரம் பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார எஞ்சின் வந்து நின்றது. அதன் டிரைவர் தலையை நீட்டினார். “என்னா சார், பாட்டிய தூக்கிக்கினு போவலாமா? கொக்கி ரெடி!”

“கொஞ்சம் இரு தம்பி,” என்றார் காசிநாதன். “பாட்டி சேலை மாத்திக்கினு இருக்கா.”

“நூத்திப் பத்து!”

மணி பதினொன்று முப்பத்தைந்து. எஸ்தர் இப்போது மெல்லிசாகக் கரி தூவினாள். புகைபோக்கியிலிருந்து வந்த கறுப்பு, சாம்பல் நிறமாகி, கண்ணுக்கே தெரியாமல் போயிற்று.

“நூத்தி முப்பது... நூத்தி நாப்பத்திரண்டு... அக்கா, நூத்தி அம்பது!”

காசிநாதன் ஊதல் கம்பியை இழுத்தார். இந்தமுறை அது தொண்டை கட்டவில்லை. பாலாற்றைத் தாண்டித் திருமுக்கூடல் வரை கேட்டிருக்கும். மின்சார எஞ்சின் டிரைவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எல்லோரும் ஜெயப்ரியாவைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். புகைபோக்கியைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

“போகலாம். ஆனா ஒரு நிபந்தனை.”

சக்ரவர்த்தியின் முகம் வெளுத்தது.

“எஸ்தர் கீழே இறங்கக் கூடாது. காஞ்சிபுரம் வரைக்கும் தீ அவங்க பொறுப்பு.”

பதினொன்று நாற்பத்து மூன்று. கறுப்பாயி ஒரு பெருமூச்சு விட்டாள். கொக்கிகள் ஒவ்வொன்றாக இறுகும் சத்தம் கடைசிப் பெட்டிவரை ஓடியது. சக்கரம் ஒருமுறை வழுக்கி, பிடித்துக்கொண்டு, நகர்ந்தது. ஆலைச் சுவருக்கு மேலே கலியன் காலிச் சாக்கைக் கொடியாக ஆட்டினார்.

ஓடும் எஞ்சினில் கரி போடுவது வேறு வித்தைதான். காலடியில் தரை ஆடியது. முதல் ஷவலில் பாதி வெளியே சிந்தியது. விமல்ராஜ் சட்டென்று அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கையைக் கொடுத்தான். “காலை அகட்டி நில்லுக்கா. பஸ்ல நிக்கிற மாதிரி.” நத்தப்பேட்டை ஏரி தெரியும்போது அவள் கால்கள் அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டன. முள் நூற்று அறுபதைத் தாண்டியது. லெவல் கிராசிங்கில் நின்ற பைக் ஓட்டிகள் ஹார்ன் அடித்தார்கள். கறுப்பாயி பதில் சொன்னாள்.

காஞ்சிபுரம் பிளாட்பாரத்தில் மேளமும் நாதஸ்வரமும் காத்திருந்தன. ஊதல் கேட்டதுமே மேளக்காரர் தாளம் தவறி, பிறகு ஊதலோடு போட்டி போட ஆரம்பித்தார். கோபுர தரிசனத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட ஸ்டேஷனுக்குள் ஓடிவந்தார்கள். வண்டி நின்றபோது எழுந்த கூச்சலில் பிரேக் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

எஸ்தர் இறங்கினாள். ஆலையின் காக்கிச் சட்டை முழுக்கக் கரி, பற்கள் மட்டும் வெள்ளை. சக்ரவர்த்தி எஞ்சினுக்கு என்று வாங்கிவைத்த ரோஜா மாலையோடு வந்து, தயங்காமல் அவள் கழுத்தில் போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. கரி விழுந்ததாலும் இருக்கலாம்.

“ஓடுச்சா சார்?”

“ஓடித்தும்மா,” என்றார். “அடுத்த மாசம் கரி போடறது நீதான். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனா அந்தப் புகைக்கூண்டை மட்டும் நான் விடமாட்டேன்!”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெயப்ரியா வந்தார். கோப்பைத் திறந்து, பேனாவை எடுத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். மாதம் ஒரு ஞாயிறு. தகுதி உண்டு. சக்ரவர்த்தி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, பிரசாதம் கிடைத்தவர்போல் எல்லோருக்கும் காட்ட ஓடினார்.

எஸ்தர் அந்த அதிகாரியை முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தாள். இடது கன்னத்தில் கரித்தூள். புருவத்தில் கரித்தூள். காதோர முடியில் இரண்டு மூன்று சாம்பல் துணுக்குகள். பெட்டிக்குள் ஒழுங்காக உட்கார்ந்து வந்தவர்கள் மேல் கரி படாது. வளைவில், தன் எஞ்சினைத் தானே பார்க்க, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறவர்கள் மேல்தான் படும்.

“மேடம், கன்னத்துல கரி,” என்று கைக்குட்டையை நீட்டினாள்.

ஜெயப்ரியா துடைத்துக்கொண்டார். சக்ரவர்த்தி தூரத்தில் இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

“அடுத்த மாசம் அந்த வளைவுல நான் கரும்புகை கேக்க மாட்டேன், எஸ்தர்.”