எட்டிப் பார்க்க பிரவுசர், வாய் திறக்க ஆப்

1

கொரியாவின் டோங்யோங் துறைமுகத்தில், கடற்பாசியில் சோற்றைச் சுருட்டி விற்கும் சூன்-இம்மின் கிம்பாப் கடையில் என் காதில் விழுந்த கதை இது. முதலில் குரல்கள்தான் வந்தன. முகங்களைப் பிறகு ஒட்டிக்கொண்டேன்: கடைக்காரி சூன்-இம், பக்கத்துக் கடை மால்-ஜா.

"ஏண்டி, மறுபடியும் போன்ல தங்கச்சி பக்கத்தையா மேயுற?"

"சும்மா பாத்தேன் மால்-ஜாக்கா."

"ரெண்டு வருஷமா சும்மா பாக்குற. ஆப்பைப் போட்டுத் தொலையேன்."

"அது பேர் கேக்கும். பிரவுசர்ல யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

இப்படித் தொடங்கியிருக்கலாம்: 'அம்மாவின் வீட்டை விற்ற நாளில் அக்காளும் தங்கையும்...' [வேண்டாம். காரணம் சொன்னால் நீங்கள் கட்சி சேர்ந்துவிடுவீர்கள்.]

2

நவம்பர். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி, அதாவது கோசு ஊறுகாய், போடும் வாரம். காங்னுங்கில் இருக்கும் தங்கை கும்-ரான் முதல் தடவையாகத் தனியே முப்பது கோசுகளை உப்பில் ஊறவைத்து, மறுநாள் காலை பத்து மணிக்குக் கழுவப்போவதாகப் படம் போட்டிருந்தாள். சூன்-இம் அதைப் பெரிதாக்கினாள்.

"ஐயோ, உப்பு ஏறாம தண்டெல்லாம் விறைச்சு நிக்குது. நாளைக்கே இதுல மிளகாய் விழுதைத் தடவினா ஜனவரிக்குள்ள அத்தனையும் நாசம்."

"அவகிட்டயே சொல்லு."

"நம்பரை மாத்திட்டாளே."

"அதுக்குத்தான் ஆப்."

"ஒளிஞ்சு பாத்தது தெரிஞ்சுபோகுமே!"

"உன் வீம்பு பெருசா, முப்பது கோசு பெருசா?"

(பிரவுசரிலேயே கணக்குத் திறந்து எழுதலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். சூன்-இம்முக்கு அது தெரியாது. பக்கத்து மேசையில் இருந்த நானும் சொல்லவில்லை.)

3

இவள் தானாகச் செயலியை இறக்குவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் மால்-ஜாதான் கைபேசியைப் பிடுங்கி இறக்கினாள். பெயர் கேட்டு ஒரு கட்டம் வந்து நின்றது.

ஒரு முடிவு: சூன்-இம் பொய்ப் பெயர் போட்டு, "கோசு இன்னும் கோவமா இருக்கு. பத்து மணிக்கு மேல இன்னொரு ஆறு மணி நேரம் ஊறட்டும்" என்று எழுதுகிறாள். தப்பித்தாளா? விறைத்த கோசுக்குக் கோபம் என்று சொன்னவள் அவர்களுடைய அம்மா ஒருத்திதான். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இரண்டே பேர்.

இன்னொன்று: சொந்தப் பெயர். உடனே கும்-ரான்... [அவள் குரல் என் காதில் விழவே இல்லை. இட்டுக்கட்ட மாட்டேன்.]

அல்லது செயலியை நீக்கிவிட்டுப் பழையபடி பிரவுசர். ஜனவரியில் கிம்ச்சிப் படம் ஏதும் வராது. ஏன் என்று இவளுக்குத் தெரியும்.

4

"என்னடி, கல்லாட்டம் உக்காந்திருக்க?"

"கொஞ்சம் இரு அக்கா. யோசிக்கிறேன்."

கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். கைபேசியை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். எந்தப் பெயரை வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் சீக்கிரம். காலை பத்து மணிக்குக் கும்-ரான் கோசின் உப்பைக் கழுவிவிடுவாள்.