பெரிய டாக்டரின் கழுத்தில் ஓர் அம்பு

பெரிய டாக்டருக்கு ஆஸ்பத்திரி முழுக்க இடி என்று பெயர். முகம் தெரிவதற்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே குரல் வந்து சேர்ந்துவிடும். அந்த இடிக்கே கழுத்தில் ஒரு கட்டி. வலது பக்கம், பட்டாணி அளவு. தொட்டால் தட்டுப்படாது, ஸ்கேனில் மட்டும் தெரியும். வெட்டி எடுக்க வேண்டும் என்று முடிவானபோது ஆபரேஷன் தியேட்டரே உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷப்பட்டது. பாவம்தான், ஆனால் பொய் சொல்லக் கூடாது இல்லையா?

தியேட்டர் நர்ஸம்மாவால் மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இடியின் பக்கத்தில் நிற்பவர் அவர். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நர்ஸ் என்றால் தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் தட்டு, வாயில் பூட்டு. டாக்டர் கையை நீட்டினால் கத்தரியை வைக்க வேண்டும். தப்பான கத்தரியாக இருந்தால் அது திரும்பிப் பறந்து வரும். வாயைத் திறக்கலாம், கொட்டாவி விடுவதற்கு மட்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் காற்று மாறி அடித்தது. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன் நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று புது விதி வந்தது. பேர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம். எல்லாம் பொருந்தி நர்ஸ் "சரி" என்று சொன்னால்தான் மருந்து ஏறும். அதுவரை எப்பேர்ப்பட்ட கொம்பனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இடிக்கு அது வேப்பங்காய். "திங்கக்கிழமை கூட்டத்துல இந்தத் தாளைக் கிழிச்சுப் போடப்போறேன். அப்புறம் நீ பழையபடி கத்தரி எடுத்துக் குடுத்தா போதும்மா," என்று சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி விதிகளை முடிவு செய்யும் அந்தக் கூட்டத்துக்குத் தலைவரும் அவரே. அந்தத் தாள்தான் நர்ஸம்மாவுக்கு வாயைக் கொடுத்தது. அதைப் பறிகொடுக்க அவருக்கு மனசில்லை.

வெள்ளிக்கிழமை காலை இடியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்ட ஆஸ்பத்திரி அங்கி. அதைப் போட்டுக்கொண்டு யாருக்குத்தான் கம்பீரம் வரும்? குரல் மட்டும் குறையவில்லை.

நர்ஸம்மா தாளை எடுத்தார். "உங்க பேர் சொல்லுங்க டாக்டர்."

"இத்தனை வருஷமா கூட நிக்கிற. என் பேர் தெரியாதா?"

"தெரியும். ஆனா நீங்கதான் சொல்லணும்."

"கழுதை. எழுதிக்கோ."

நர்ஸம்மா அன்றைய பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். "கழுதைன்னு இன்னைக்கு யாரும் இல்லையே," என்றார் முகம் மாறாமல். பிறகு வண்டி தள்ளுபவரிடம், "தப்பான ஆளைக் கொண்டு வந்துட்டீங்கண்ணே. வார்டுல விட்டுட்டு வாங்க."

அவர் நிஜமாகவே வண்டியைத் திருப்பிவிட்டார். மயக்க மருந்து டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. வண்டி கதவைத் தொடும்போது இடி தன் பெயரை முழுசாக முழங்கினார்.

"என்ன ஆபரேஷன்?"

"கழுத்துக் கட்டி."

"எந்தப் பக்கம்?"

"வலது. எவன் பேனாவும் என் கழுத்துல படக்கூடாதுன்னு வெட்ட வேண்டிய பக்கத்துல காலையில நானே குறி போட்டுட்டேன். கண்ணு இருந்தா பாரு."

நர்ஸம்மா பார்த்தார். கறுப்பு மையில் அழகான அம்புக்குறி. இடது பக்கம். ஸ்கேன் படத்தையும் எடுத்துப் பார்த்தார். கட்டி வலது பக்கம்தான்.

ஆபரேஷன் செய்ய வேண்டிய சின்ன டாக்டர் இடியிடமே பாடம் படித்தவர். நர்ஸம்மா அம்பைக் காட்டியதும் படத்தைப் பார்த்தார், குருவைப் பார்த்தார். "சாருக்கு வாய் தவறியிருக்கும் சிஸ்டர். கை தவறாது," என்று கிசுகிசுத்தார். "ஸ்கேன்லயும் பக்கத்தை மாத்திப் போட்டிருப்பாங்க."

குரு காக்கை வெள்ளை என்றால் இவர் கொக்கு கறுப்பு என்பார். நர்ஸம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் இடியின் மானத்தை வாங்கினால் திங்கட்கிழமை தாளோடு சேர்த்துத் தன்னையும் கிழித்துவிடுவார். பேசாமல் இருந்தால் நல்ல பக்கத்தில் கத்தி இறங்கும்.

"சரியில்ல. மருந்து ஏத்தாதீங்க," என்றார்.

இடி எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "என்ன சரியில்ல?"

"உங்க இடது காதைத் தொடுங்க டாக்டர்."

முறைத்துக்கொண்டே தொட்டார்.

"விரலை அப்படியே நேரா கீழ இறக்குங்க. இன்னும் கொஞ்சம். நில்லுங்க. அங்கதான் இருக்கு உங்க அம்பு."

விரல் அங்கேயே நின்றுவிட்டது. "கண்ணாடி..." என்றார் இடி.

முப்பது வருஷமாக எதிரில் இருக்கும் நோயாளியின் வலது பக்கம் அவருக்கு இடது கைப்பக்கம். காலையில் சவரக் கண்ணாடியில் தெரிந்த ஆளையும் நோயாளியாகவே பாவித்து, பழக்க தோஷத்தில் இடது கைப்பக்கம் தெரிந்த கழுத்தில் கோடு போட்டிருக்கிறார். கண்ணாடியிலோ இடது கைப்பக்கம் தெரிவது அவருடைய சொந்த இடதேதான். அனுபவம் இல்லாத ஆள் இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது.

அம்பைத் துடைத்தார்கள். சின்ன டாக்டர் வலது பக்கம் புதிதாக ஒன்று போட்டார்.

"இதை எழுதப்போறியா?" இடியின் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்து வந்தது.

"எழுதாம விட முடியாது டாக்டர்."

எழுதி, தாளை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார். 'தவறாகக் குறி போட்டவர்: நோயாளி. இனி நோயாளிகள் கையில் பேனா கொடுக்கக் கூடாது.'

இடி சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

"கழுத்துல தையல் போட்டா திங்கக்கிழமை எனக்குக் குரல் வராது. கூட்டத்துல எனக்குப் பதிலா நீ பேசு. தாள் இருக்கட்டும்னு கண் முழிச்சதும் நானே எழுதித் தர்றேன்."

"பேசுறேன். யார் பேசுவாங்கன்னு எழுதுவீங்க டாக்டர்?"

இடி நினைவில் துழாவினார். இத்தனை வருஷமும் கூப்பிட்டது சிஸ்டர், ஏம்மா, இந்தா. அவற்றைத் தாண்டி ஒன்றும் அகப்படவில்லை. நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்று வலித்தது. இடி திருதிருவென்று முழிப்பதைப் பார்க்கக் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

"உங்க பேர் என்னம்மா?" என்றார் கடைசியில்.

நர்ஸம்மா சொன்னார். பிறகு, "சரி," என்றார்.

மருந்து ஏறியது. பத்து வரை எண்ணச் சொன்னார்கள். இடி எண்ணவில்லை, அந்தப் பெயரைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை தப்பாக வந்தது, நர்ஸம்மா திருத்தினார். இரண்டாம் தடவை பாதியிலேயே தூங்கிப்போனார்.

பெயரின் மீதிப் பாதியை அவர் கண் விழித்ததும் வசூல் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு நர்ஸம்மா சின்ன டாக்டரின் கையில் கத்தியை வைத்தார்.