அறுத்துக் கொடுத்த கயிறு

டாக்டரம்மா சொன்னதில் முனியப்பனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஏழு வயது மகன் கலைவாணனுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லையாம். ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் பண்ணி, மறுபடி உள்ளே விடுவார்களாம். கிணற்று மோட்டார் என்றால் முனியப்பன் கழற்றி மாட்டிவிடுவான். பெற்ற பிள்ளையின் ரத்தம் வெளியே ஊர் சுற்றிவிட்டு வரும் என்றால் எந்த அப்பனுக்குத்தான் விளங்கும்? காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, "கலைவாணன் அப்பா, இத வச்சுக்கங்க" என்று ஒரு கவரை நீட்டிவிட்டு உள்ளே ஓடினாள். கவரில் பையனின் அரைஞாண் கயிறு கிடந்தது, தாயத்தோடு. கத்தரியால் அறுத்திருந்தார்கள்.

அவர்கள் ஊர்ப்பக்கத்தில், புதுசு கட்டாமல் ஆண்பிள்ளையின் இடுப்புக் கயிற்றை அறுப்பது பாடையில் ஏற்றும்போதுதான். முனியப்பன் போனை எடுத்தான். கடத்தூரில் கைக்குழந்தையோடு இருந்த மனைவி சசிகலாவைக் கூப்பிட்டு, "கயிற அறுத்துக் குடுத்துட்டாங்க" என்றான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. எழுந்த ஓலம் தாங்காமல் போனை வைத்தான்.

"உள்ள வந்து பாருங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

பையன் கண்மூடிக் கிடந்தான். கை சில்லென்றிருந்தது. ஆனால் அவன் தொடையிலிருந்து ஒரு குழாயில் ரத்தம் மெஷினுக்குப் போனது, இன்னொன்றில் திரும்பி வந்தது. செத்த பிள்ளைக்கு எதற்கு இத்தனை பாடு?

"பையன் இருக்கறானா, இல்லீங்களா?"

நர்ஸ் திகைத்தாள். "என்னங்க கேக்கறீங்க? ரத்தம் வெளிய சுத்தி வருதில்ல, அதான் ஒடம்பு சில்லுனு இருக்குது."

"அப்பறம் எதுக்குங்க கயிற அறுத்தீங்க?"

"குழாய் போடறப்ப குறுக்க கெடந்துச்சு…" அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, எங்க வூட்லயும் அதே வழக்கந்தாங்க. சொல்லிட்டுக் குடுத்திருக்கணும்."

முனியப்பன் போனைப் போட்டான். "இருக்கறான் சசி!"

"பொய் சொல்லாதீங்க. கயிற அறுத்துட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

என்ன சொல்லியும் எடுபடவில்லை. போனைப் பையனின் வாயருகே பிடித்தான். அம்மாவின் அழுகை காதில் விழுந்ததோ என்னவோ, உதடு அசைந்தது. "அம்மா… தண்ணி."

ஓலம் சட்டென்று நின்றது. "குடுங்க! எம்புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க!"

முனியப்பன் நர்ஸைப் பார்த்தான். "இப்ப ஒரு சொட்டுக்கூடக் கூடாதுங்க. ஒன்னுக்குப் போகாத ஒடம்பு. தண்ணி சேந்தா மூச்சு முட்டிரும்" என்றாள்.

"குடுக்கக் கூடாதாம் சசி. பொழைக்கணும்னா தண்ணி குடுக்கக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கயிற்றைக் கையில் பிடித்தபடி வாய்விட்டு அழுதான் முனியப்பன்.