கடதாசியில் பதினெட்டு

அவுஸ்திரேலியாவில், கிரான்பர்ன் வீட்டுக் குசினியில் அந்த வெள்ளைக்காரன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்ததிலிருந்தே பற்றிமா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் கிரெக். அமெரிக்காவிலுள்ள பெரிய பேஸ்போல் அணி ஒன்றுக்கு இங்கே பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறவன். மூன்று மாதமாக அவளுடைய மகன் பந்தெறியும் மைதானமெல்லாம் வேகம் அளக்கும் கருவியோடு வந்து நின்றான். நிற்காமல் என்ன செய்வான்? பெடியன்ரை கை அப்படி.

ஆனால் இன்றைக்கு அவன் முகத்தில் சிரிப்பைக் காணோம். இதுவரை அவுஸ்திரேலியப் பிள்ளைகளோடு அணிகள் நேரே பேசித்தான் கையெழுத்து வாங்கின. இனி இவர்களுக்கும் டிராப்ட் வரக்கூடும் என்று கதை அடிபடுகிறதாம். வந்தால் எல்லாப் பெயரும் ஒரே பட்டியலில் விழும். அணிகள் முறைவைத்து ஒவ்வொரு பெயராய்க் கூப்பிடும். கூப்பிடாத பிள்ளை வீட்டில் இருக்க வேண்டியதுதான். அதற்கு முன் தங்களிடம் மிச்சமிருக்கிற ஒரேயொரு இடத்தைப் பதினாறு வயதுப் பிள்ளைக்குத்தான் கொடுப்போம் என்று அவனுடைய அணி சொல்லிவிட்டது.

"இவனுக்குப் பதினெட்டு," என்று கிரெக், பக்கத்தில் இருந்த மகனைக் காட்டி, மேசையில் கிடந்த பிறப்புக் கடதாசியைத் தட்டினான். "பதினாறு என்றால் இப்பவே பேனையை எடுத்திருப்பேன். பட்டியல் வந்தபிறகு இந்த வயதை யார் கூப்பிடப் போகிறார்கள்?"

பற்றிமா வாயைத் திறந்தாள். மேசைக்குக் கீழே புருசன் நொயல் அவள் காலை நறுக்கென்று மிதித்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவனுக்குப் பதினாறுதான். அது இந்த நாட்டில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மூத்தவன் கிறிஸ்ரியன். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் கிடந்தபோது, இரண்டாயிரத்து ஒன்பதில் ஷெல் விழுந்து செத்துப்போனான். அதே வருடம்தான் இளையவன் டெனிஸ் பிறந்தான். அந்த அமளிக்குள் ஆர் பிறப்புப் பதிகிறது? மூன்று வருடம் கழித்து அவுஸ்திரேலியாவுக்குப் படகேறும்போது கையில் இருந்தது மூத்தவனின் பிறப்புச் சான்றிதழ் மட்டும். கடதாசி இல்லாத பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்று எவனோ ஒரு விசரன் பயப்படுத்த, நொயல் மூன்று வயதுக் குழந்தையை ஐந்து வயதுக் கிறிஸ்ரியன் ஆக்கிவிட்டான். பிறகு நிரப்பிய படிவமெல்லாம் அதே பொய். போன வருடம்தான் நிரந்தர விசா கிடைத்தது. இப்போது உண்மையைச் சொல்லி, மூன்று பேரையும் பிடித்து அனுப்பிவிட்டால்? ஐயோ, என்ரை மாதாவே!

செத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி இருக்கிற பிள்ளையைக் கூப்பிட அவளால் ஒருநாளும் ஏலவில்லை. தம்பி, தம்பி என்றே பதின்மூன்று வருடத்தை ஓட்டிவிட்டாள். எங்கட தாய்மார் எல்லாரும் மகனைத் தம்பி என்றுதானே கூப்பிடுகினம், அதை ஆர் கவனிக்கப் போகினம்?

கிரெக் எழும்பி, மகனின் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனான். நொயல் நீளமாக மூச்சு விட்டான்.

"இட்ஸ் ஓகே, மம்," என்றான் மகன். கண் கலங்கியிருந்தது. சிரிக்கப் பார்த்தான். "ரெண்டு வருசம் லேட்டாப் பிறந்திருக்கலாம், என்ன?" கையுறையை எடுத்துக்கொண்டு பின்கதவுப் பக்கம் நடந்தான்.

பற்றிமா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். வாசலில் கிரெக்கின் கார் இன்னும் புறப்படவில்லை.

"பற்றிமா, விசாவை யோசி!" என்று நொயல் அவள் கையைப் பிடித்தான்.

அவள் உதறினாள்.

"டெனிஸ்!"

மகன் திரும்பவில்லை. கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

"டெனிஸ்!" இந்த முறை அவள் தொண்டை கிழியக் குழறியே விட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். ஆரும் வந்திருக்கினமோ என்று முன்வாசலை எட்டிப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான்.

"ஆரம்மா டெனிஸ்?"